இசக்கிமுத்துவின் நாடியை ஊரே பிடித்த கதை

1. வீல்சேரில் வந்த நெஞ்சுவலி

அறுபதுகளின் நடுவில் பம்பாயில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவில் சமூகப் பணியாளராகச் சேர்ந்தேன். பிரிவு என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். மாடிப்படிக்குக் கீழே இரண்டு அறைகள், ஒரு டாக்டர், நான். வார்டு பாய்கள் அதற்குப் 'பாகல் கம்ரா' என்று பெயர் வைத்திருந்தார்கள். வழி கேட்பவர்களுக்கும் அந்தப் பெயரைத்தான் உரக்கச் சொல்வார்கள். பைத்தியக்கார அறையா என்று பாதிப் பேர் அங்கேயே திரும்பிப் போய்விடுவார்கள்.

சேர்ந்து சில மாதங்களிலேயே ஒரு காலை கேஷுவால்டியிலிருந்து ஒருவரை வீல்சேரில் தள்ளிக்கொண்டு வந்தார்கள். கூடவே தாராவி ஆட்கள் ஏழெட்டுப் பேர். வீல்சேரில் இருந்தவர் இசக்கிமுத்து. முப்பது வயதிருக்கும், நல்ல உடற்கட்டு, முகத்தில் ரத்தமே இல்லை. நெஞ்சுவலி என்று தூக்கி வந்திருக்கிறார்கள். ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்து இதயத்தில் ஒரு குறையும் இல்லை என்று சொல்லி எங்களிடம் அனுப்பிவிட்டார்கள்.

கூட்டத்துக்குத் தலைவர் போல வந்தவர் சண்முகவேல், இசக்கிமுத்துவின் மனைவிக்கு அண்ணன். அறை வாசலிலேயே நின்றுகொண்டார்.

"எங்க மாப்ளைக்கு நெஞ்சுலதான்மா கோளாறு, தலையில இல்ல. எதுக்கு இங்கன அனுப்பிருக்கான்?"

"உள்ள வந்து உக்காந்து கோபப்படுங்க அண்ணாச்சி. நின்னா கால் வலிக்கும்" என்றேன். அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

கதை இதுதான். எல்லோரும் திருநெல்வேலிப் பக்கத்தில் ஒரே ஊர். செம்பூரில் ஒரே தொழிற்சாலையில் வேலை. சயானில் ரயிலேறி, குர்லாவில் இறங்கி, ஹார்பர் லைன் வண்டிக்கு மாறிச் செம்பூர் போவார்கள். மழைக்காலத்தில் ஒருநாள் வண்டி நெரிசலோடு நடுவழியில் நின்றபோது இசக்கிமுத்துவுக்குப் படபடவென்று வந்திருக்கிறது. அதிலிருந்து ரயிலேறினாலே அதுதான்.

"நெஞ்சுக்குள்ள எவனோ டமாரம் அடிக்கான்மா" என்றார் இசக்கிமுத்து. "மூச்சு முட்டுது. இன்னைக்குச் செத்துருவோம்னு தோணுது. எறங்கிட்டா ஒண்ணும் இல்ல."

அவர் மனைவி பேச்சியம்மாள் அதுவரை சுவரோடு நின்றிருந்தாள். "வர்ற மாசத்துலருந்து அவியள மட்டும் காலை ஷிப்டுல போட்டுட்டாவ. அண்ணன்மாரு எல்லாம் மத்தியானம். தனியாத்தான் போவணும். இன்னொரு நாள் வராம இருந்தா சீட்டக் கிழிச்சிருவேன்னு போர்மேன் சொல்லிட்டான். ஊருக்குப் போனா அங்கன என்ன இருக்கு டாக்டரம்மா?"

நான் டாக்டர் இல்லை என்று சொல்லிப் பார்த்தேன். யார் கேட்டார்கள்?

2. டப்பாவுக்குள் நடந்தது

அறைக்குள் உட்காரவைத்து எவ்வளவு கேட்டும் எனக்குப் பிடிபடவில்லை. சரி, வியாதி ரயிலில்தானே வருகிறது, அங்கேயே போய்ப் பார்ப்போம் என்று மறுநாள் சயானில் அவர்களோடு ஏறிவிட்டேன். லேடீஸ் பெட்டியை விட்டுப் பொதுப் பெட்டியில் ஏறிய என்னை எல்லோரும் முறைத்தார்கள். முறைத்துக்கொள்ளட்டும்.

பம்பாயில் ஒரே ஊர்க்காரர்கள் தினமும் ஒரே வண்டியில், ஒரே டப்பாவில், அதாவது ஒரே ரயில் பெட்டியில், ஒரே கதவு வழியாக ஏறுவது வழக்கம். ஒருவன் வரவில்லை என்றால் மாலையில் அவன் வீட்டுக் கதவைத் தட்டுவார்கள். நாதியற்றவன் என்று எவனும் பெயர் வாங்கிவிடக் கூடாது. அந்த டப்பாவில் இசக்கிமுத்துவுக்கு ராஜ மரியாதை. முன்னால் பாய்ந்து ஏறி ஒருவர் ஜன்னலோரம் இடம் பிடித்தார். ஒருவர் பேப்பரை மடித்து விசிறினார். ஒருவர் அவர் கையில் எலுமிச்சம்பழத்தைத் திணித்தார். சண்முகவேல் எதிரே நின்று மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தார். அவருக்கு நாடி பார்க்கத் தெரியாது என்பது வேறு விஷயம்.

வண்டி கிளம்பியது. இசக்கிமுத்து தொழிற்சாலை கேண்டீன் டீயைப் பற்றி என்னிடம் ஏதோ கிண்டலாகச் சொல்லிக்கொண்டிருந்தார். முகம் தெளிவாகத்தான் இருந்தது. அப்போது சண்முகவேல் குனிந்து கேட்டார்.

"எப்படி இருக்கு மாப்ள?"

பேச்சு நின்றது. கை நெஞ்சுக்குப் போனது. விசிறியவர் கேட்டார், "நெஞ்சு அடிக்கோ?" பின்னாலிருந்து ஒருவர், "மூச்சு வருதா?" குர்லா வருவதற்குள் மனிதர் வேர்த்துக் கொட்டினார்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. அவர் துடிக்கிறார், நான் சந்தோஷத்தில் குதிக்கிறேன் என்றால் கேவலம்தான். ஆனாலும் சொல்கிறேன், புத்தகத்தில் படித்த ஒன்று கண் முன்னால் நடக்கும்போது வருகிற பரவசம் இருக்கிறதே, அதற்கு ஈடு கிடையாது. கேள்வி ஒவ்வொன்றும் அவரிடம், 'நீ சாகப்போகிறாய், நாங்கள் காவல் இருக்கிறோம்' என்று சொல்லிக்கொண்டிருந்தது. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கான கதைதான்.

ஆஸ்பத்திரிக்கு ஓடிவந்து எங்கள் டாக்டரிடம் மூச்சுவிடாமல் கொட்டினேன். அவர் தமிழர்கள் நிறைந்த மாட்டுங்காவைச் சேர்ந்தவர், நிதானத்துக்கே பிறந்தவர்.

"ஏம்மா, வைத்தியம் பண்ண நமக்கு ரூம் குடுத்திருக்கா. நீ டிரெயின்ல பண்ணப்போறேங்கற."

"சார், அவருக்குப் பயம் ரூம்ல வரலையே."

சற்று யோசித்தார். ஈ.சி.ஜி.யை மறுபடி எடுத்துப் பார்த்தார். "ஹார்ட் நன்னாத்தான் இருக்கு. சரி, போ. ஆனா ஒரேயடியா தள்ளிவிடாதே. கொஞ்சம் கொஞ்சமா."

3. ஊர்க்கூட்டம்

ஞாயிற்றுக்கிழமை தாராவியில் அவர்கள் சந்து முனையில் கூட்டம் போட்டார்கள். நான் சொன்னது சுலபமான சங்கதி. இனி இசக்கிமுத்துவுக்கு இடம் பிடிக்க வேண்டாம். விசிற வேண்டாம். நாடி பிடிக்க வேண்டாம். எப்படி இருக்கிறது என்று கேட்கவே வேண்டாம். கூட நில்லுங்கள், கேண்டீனைத் திட்டுங்கள், சினிமா பேசுங்கள்.

ஏதோ பாவம் செய்யச் சொன்னதுபோல் பார்த்தார்கள்.

"சீக்காளிக்கு இடம் குடுக்காத டப்பாவுல நாங்க என்னத்துக்கும்மா ஒண்ணாப் போவணும்? நாளைக்கு ஊருல கேட்டா என்ன சொல்லுவோம்?" என்றார் ஒருவர்.

சண்முகவேல் எழுந்துவிட்டார். "நீங்க படிச்சவிய, சொல்லிட்டுப் போயிருவிய. வழியில ஒண்ணு ஆயிட்டுன்னா என் தங்கச்சி தாலிக்கு யாரும்மா பதில் சொல்லுவா?"

அவர் கேட்டது நியாயம். அந்தக் கோபம் முழுக்கப் பாசம். பதில் பேச்சியம்மாளிடமிருந்து வந்தது.

"அண்ணே, நீ பிடிச்ச பிடியில அவிய ஒத்தையில கக்கூஸுக்குப் போவக்கூட பயப்படுதாவ. அடுத்த மாசம் நீ கூட வர முடியுமா? முடியாதுல்லா? அப்ப இப்பமே விடு."

சண்முகவேல் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். சம்மதம் என்று அதற்கு அர்த்தம்.

4. சயான் பாலத்தில் ஓட்டம்

அடுத்த சில வாரங்கள் என் வேலை நாட்களிலேயே ருசியானவை. முதலில் பிளாட்பாரத்தில் நின்று வண்டிகளைப் பார்த்தோம். பிறகு அவருக்கு லீவு நாட்களில், கூட்டமில்லாத மத்தியான வண்டியில் குர்லா வரை. வழியில் படபடப்பு வந்தால் இறங்கக் கூடாது, அதோடு சண்டை போடவும் கூடாது. ஏறுகிறதா, ஏறட்டும். தானே இறங்குகிறதா என்று மட்டும் பார்க்க வேண்டும். இதுதான் ஒப்பந்தம்.

"எறங்கலேன்னா?" என்றார் இசக்கிமுத்து.

அதற்கு வாயால் பதில் சொல்லிப் பயனில்லை என்று தோன்றியது. ஸ்டேஷன் மேம்பாலத்தைக் காட்டி, "வாங்க, ஓடுவோம்" என்றேன். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு நான் முன்னால், அவர் பின்னால். மேலே போனதும் இருவருக்கும் மூச்சு வாங்கியது. கூடைக்காரி ஒருத்தி எங்களைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள்.

"இப்ப நெஞ்சு அடிக்குதா?"

"அடிக்கு."

"டமாரமா?"

"அதே டமாரந்தான்." சொல்லிவிட்டு அப்படியே நின்றார். பிறகு மெல்லச் சிரித்தார். "ஆனா சாவு பயம் இல்லியேம்மா."

உடம்பு செய்வது ஒன்று, அதற்கு மனசு சொல்லும் அர்த்தம் வேறொன்று. இதை நான் பிற்பாடு வகுப்பில் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். அவர் பாலத்தின் மேல் கண்டுபிடித்தார். எனக்கு அங்கேயே அவரைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. காலம் அப்படி இல்லை, விட்டுவிட்டேன்.

இரண்டு முறை சறுக்கல் வந்தது. ஒரு லீவு நாளில் பழகப் போனபோது பாதியில் குர்லாவிலேயே இறங்கி வீட்டுக்குத் திரும்பிவிட்டார். மறுநாள் காலை சண்முகவேல் அவரிடம் முந்தின நாள் பற்றி ஒன்றும் கேட்கவில்லையாம். பல்லைக் கடித்துக்கொண்டு சினிமா பேசினாராம். இந்த வைத்தியத்தில் அதிகம் கஷ்டப்பட்டவர் அவர்தான் என்று இன்றும் நினைக்கிறேன்.

5. செம்பூர் பிளாட்பாரம்

காலை ஷிப்டின் முதல் நாள். பேச்சியம்மாளுக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. நானும் அவளும் முந்திய வண்டியில் போய்ச் செம்பூரில் நின்றோம். கூடப் பயணம் செய்வதில்லை என்பது எங்கள் வாக்கு.

அவர் வரவேண்டிய வண்டி வரவில்லை. எதிர்ப் பிளாட்பாரத்து ஆள், "சிக்னல் பே காடி ருக்கி ஹை" என்றான். வண்டி சிக்னலில் நிற்கிறதாம். நடுவழியில், நெரிசலில், மழைக்காலத்தில் நடந்தது போலவே. பேச்சியம்மாள் என் கையை இறுக்கினாள். வளையல் பதிந்து வலித்தது. இதைப் பழக்கிக் கொடுத்தேனா, போதுமான அளவு பழக்கினேனா என்று மனசு குடைந்தது.

வண்டி வந்தது. கூட்டம் இறங்கியது. அவரைக் காணோம். பேச்சியம்மாள் அழத் தயாரானபோது கடைசிப் பெட்டிப் பக்கமிருந்து வந்தார். சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது. அவள் ஓடப் பார்த்தாள், நான் விடவில்லை.

அவரே அருகில் வந்தார். "வண்டி நடுவுல நின்னுட்டும்மா. நெஞ்சு அடிச்சுது. அடிச்சி முடிக்கட்டும்னு நின்னேன். முடிச்சிட்டுது."

நான் வாயைத் திறப்பதற்குள் தொழிற்சாலைச் சங்கு ஊதியது. "நேரமாச்சு" என்று வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு ஓட்டம் பிடித்தார்.

"பாத்தியளா டாக்டரம்மா, இம்புட்டு தூரம் வந்து நிக்கோம், நின்னு ஒரு வார்த்த பேசாம போறாவ" என்றாள் பேச்சியம்மாள். கண்ணில் தண்ணீர், வாயில் சிரிப்பு.

இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்கும், வீட்டில் பயந்த ஒருவரை வைத்துக்கொண்டு தவிப்பவர்களுக்கும் நான் சொல்ல வேண்டியது இதுதான். நம்மைவிட அன்றைய வேலை பெரிதாகிப்போய் அவர் கிளம்பும் ஒரு நாள் வரும். பின்னாலேயே ஓடாதீர்கள். திரும்பிப் பார்க்கவில்லையே என்று மனம் சுணங்காதீர்கள். அந்த நாளுக்காகத்தான் அத்தனை பாடும். இசக்கிமுத்து எதிரே தெரிந்த தொழிற்சாலை கேட்டுக்குள் போய் மறையும்வரை ஒருமுறைகூடத் திரும்பவில்லை. நான் பட்டப்பகலில், செம்பூர் பிளாட்பாரத்தில், அத்தனை பேர் பார்க்கக் கைதட்டினேன்.