பொத்தான் மேல் வைத்த தொப்பி

பிஜியில், சுவா துறைமுகத்துப் பக்கம் இருக்கிற எங்கள் கம்பெனியில் அச்சான நெளி அட்டையை வெட்டுகிற மெஷின் அபிசாயுடையது. பப்பாளிப் பெட்டி, மீன் பெட்டி, எதுவானாலும் அவர் வெட்டி மடிப்புத் தடம் போட்டு அனுப்புவார். அதை மடித்துப் பசை போட்டு ஒட்டுவது நான்.

பலகையில் பதித்த பிளேடுகள் எல்லா இடத்திலும் ஒன்றுபோல இறங்காது. மழைக்காலத்தில் அட்டை ஈரத்தில் ஊதிவிட்டால் இன்னும் மோசம். வெட்டு விழாத இடத்தைப் பார்த்து, மெஷினை நிறுத்தி, இரண்டு இரும்புத் தட்டுக்கும் நடுவே கையை நீட்டி, மெல்லிய காகிதத்தை ஒட்டி மேடாக்க வேண்டும். காவலுக்கு இருந்த கம்பிக் கதவு கெட்டுப்போய் வெகுநாள் ஆகியிருந்தது. அதனால் அபிசாய் தன் தொப்பியைக் கழற்றி ஓட்டுகிற பொத்தான் மேல் கவிழ்த்துவிட்டுத்தான் உள்ளே கை விடுவார். எங்கள் ஆட்களுக்கு இன்னொருவன் தலையும், தலையில் இருந்த பொருளும் தொடக்கூடாதவை. பூட்டு போட்டாலும் ஒருவன் திறப்பான். அந்தத் தொப்பியை யாரும் தொடமாட்டார்கள்.

அட்டை ஊட்டுகிறவன் பெசேலி, அபிசாயின் மாமன் மகன். எங்களில் மச்சான்மார் ஒருவரை ஒருவர் வையாவிட்டால் மரவள்ளிக்கிழங்கு தொண்டையில் இறங்காது.

"மச்சான், உன்ன ஒருநாள் இந்தப் பெட்டியில போட்டுக் கப்பல்ல ஏத்திடறேன். மேல 'உடையும் பொருள்'னு அச்சடிச்சு," என்பான் பெசேலி.

"அழுகின பப்பாளி பேசுது பாரு. உன்னப் பெட்டிகூட தாங்காதுடா."

தினமும் இதுதான். எங்களுக்கும் வேலை அலுக்காது.

அந்த வருஷம் அவர்கள் ஊர்த் தலைவர் இறந்துபோனார். துக்கம் முடியும்வரை அந்த ஊர் ஆண்கள் தலையை மூடக்கூடாது. அபிசாய் ஊரில் மட்டுமல்ல, கம்பெனியிலும் வெறுந்தலையாக இருந்தார். தொப்பி இல்லாததால் மை துடைக்கிற துணியைப் பொத்தான் மேல் போட்டார். துணி என்றால் எல்லோருக்கும் பொதுதானே. தேநீர் குடித்துவிட்டு வந்த பெசேலி கை துடைக்க அதை எடுத்தான். கன்டெய்னர் காத்திருக்கிறது என்று மேனேஜர் கத்திக்கொண்டிருந்தார். மெஷினுக்கு அந்தப் பக்கம் உள்ளே கை விட்டுக் குனிந்திருந்த அபிசாயை அவன் பார்க்கவில்லை. பொத்தானை அமுக்கிவிட்டான்.

வலது கை மணிக்கட்டோடு போயிற்று. இரத்தம் பட்ட அட்டைகளைத் தனியே எடுத்து வைத்தார்கள். மீதியை வேறொருவன் வெட்டினான். நான் மடித்தேன்.

அதற்குப்பின் பெசேலி வீட்டைவிட்டு வெளியே வரவில்லை. சாப்பிடவில்லை. மகன் உத்திரத்தையே பார்த்துக்கொண்டு கிடக்கிறான் என்று அவன் தாய் சர்ச்சில் என் கையைப் பிடித்து அழுதாள். அபிசாய் மன்னித்தால்தான் அவன் உயிரோடு இருப்பான் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

அபிசாய் ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும், பெரியவர்கள் பெசேலியை அழைத்துக்கொண்டு திமிங்கிலப் பல்லோடு போனார்கள். எங்களில் மன்னிப்புக் கேட்பது அப்படித்தான். பல்லை வாங்கினால் குற்றம் புதைந்தது என்று அர்த்தம். இரண்டு கையாலும் வாங்கி, கையைக் குவித்துத் தட்ட வேண்டும்.

பெசேலி தலைகுனிந்து பாயில் உட்கார்ந்திருந்தான். பெரியவர் பல்லை நீட்டினார். அபிசாய் இடது கையை நீட்டி வாங்கி மடியில் வைத்தார். தட்டுவதற்கு இன்னொரு கை இல்லை. தொடையில் அறைந்தார். சின்னச் சத்தம்தான் வந்தது.

"புதைச்சாச்சு," என்றார். "எந்திரி பெசேலி. போய்ச் சாப்பிடு."

பெசேலி சாப்பிட்டான், வேலைக்கும் வந்தான். கம்பிக் கதவைச் சரிசெய்துவிட்டார்கள். அபிசாய் இப்போது வாசலில் காவலுக்கு இருக்கிறார், தொப்பி போட்டுக்கொண்டு. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பெசேலி பக்கத்தில் உட்கார்ந்து அவருக்குப் பாட்டுப் புத்தகத்தின் பக்கங்களைப் புரட்டுகிறான். இருவரும் மிக மரியாதையாகப் பேசிக்கொள்கிறார்கள், அறிமுகமில்லாத ஆட்களைப்போல.

பசை போடும்போது நான் ஜெபிப்பதெல்லாம் ஒன்றுதான். கர்த்தரே, அவர்களில் ஒருவன் மற்றவனை ஒரு வார்த்தை வையட்டும்.