கோதுமை வயலுக்கு ஒரு மடை

எங்கள் பள்ளியின் பெற்றோர் கூட்டங்களில் இரண்டாண்டுகளாக ஒரே முறையீடு ஒலித்துக்கொண்டிருந்தது. பிள்ளைகள் கைப்பேசியில் சதுரக் கட்டைகளை வெட்டுகிறார்கள், அடுக்குகிறார்கள். திரையில் இருட்டினால் எதற்கோ அஞ்சிக் கதவடைத்துக்கொள்கிறார்கள். பெயர் சொல்லி அழைத்தால் காதில் வாங்குவதில்லை. அடுத்த கூட்டத்தில் இந்த விளையாட்டின் தீமைகளைப் பற்றித் தமிழாசிரியை பேசுவார் என்று தலைமையாசிரியை அறிவித்துவிட்டார். அந்தத் தமிழாசிரியை நான். படிக்காத நூலுக்கு மதிப்புரை எழுதும் பழக்கம் எனக்கு இல்லை. ஆகவே அந்தக் கோடை விடுமுறையில் விளையாட்டை என் கைப்பேசியில் இறக்கிக்கொண்டேன்.

முதல் நாள் பதினொரு முறை மாண்டேன். ஆளில்லாத வெளியொன்றில் வெறுங்கையுடன் நம்மை நிறுத்திவிடுகிறார்கள். மரத்தைக் கையால் அடித்துக் கட்டை சேர்க்க வேண்டும். கட்டையிலிருந்து பலகை, பலகையிலிருந்து கருவி. பொழுது சாய்வதற்குள் நான்கு சுவர் எழுப்பியாக வேண்டும். இருட்டில் பிணங்கள் எழுந்து நடமாடும். பசி வேறு எடுக்கும். விடுமுறை முடிந்தபோது என்னிடம் ஒரு கல்வீடும் ஒரு கோதுமை வயலும் பன்னிரண்டு ஆடுகளும் இருந்தன. கூட்டத்தில் பேசுவதற்குப் போதிய தீமைகள்தாம் இல்லை. "உங்கள் பிள்ளைகள் ஊர் கட்டுகிறார்கள். ஒருமுறை உள்ளே சென்று பாருங்கள். எத்தனை நாழிகை விளையாடலாம் என்பதை அதன்பின் நீங்களே வரையறுங்கள்" என்றேன். உள்ளே எப்படிச் செல்வது என்று ஒரு தாய் எழுந்து கேட்டார். பாளையங்கோட்டையில், பள்ளி நூலக அறையில், சனிக்கிழமைப் பிற்பகல் வகுப்பு அவ்வாறு தொடங்கியது.

நான்கு பக்கத்தில் ஒரு குறிப்பேடு எழுதி அனைவருக்கும் கொடுத்தேன். கருவிகள் செய்யும் மேசைக்குப் 'பணிமேசை' என்று நான் சூட்டிய பெயரை ஒருவரும் வாயால் சொல்லவில்லை. 'பட்டறை' என்றார்கள். அதுவே பொருத்தமாக இருந்தமையால் அடுத்த படியில் நானும் திருத்திக்கொண்டேன். அடிமரத்தை வெட்டிய பின்னும் உச்சிக்கிளைகள் வானில் அப்படியே நிற்பதைத் தாய்மார் எளிதில் ஒப்பவில்லை. வண்ணார்பேட்டையில் மளிகைக்கடை நடத்தும் அண்ணாச்சி ஒருவர், மலையும் காடுமாக விரிந்த திரையை நெடுநேரம் நோக்கியிருந்துவிட்டு, "இம்புட்டு இடம் சும்மா கிடக்கே டீச்சர், பட்டா யாரு பேர்ல இருக்கு?" என்று கேட்டார்.

மூன்றாம் வாரம் ஒருவர் தயங்கியபடி வந்து வாயிலில் நின்றார். என் ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் தந்தை. பத்தமடைக்காரர், மகளின் படிப்புக்காகக் குடும்பத்தை மேலப்பாளையத்தில் குடிவைத்துவிட்டு, வளைகுடா நாடொன்றில் குழாய் பொருத்தும் வேலை பார்ப்பவர்.

"நாப்பது நாள் லீவு டீச்சர். அதுல பதினேழு நாள் போயிட்டு" என்றார். "அங்கன இருந்து போன் பேசினா, 'நல்லா இருக்கேன் வாப்பா, சாப்பிட்டேன், உம்மாட்ட கொடுக்கேன்', அவ்வளவுதான். நேர்ல வந்தாலும் அதே மூணு பேச்சுதான் பேசுதா. ஆனா இந்தக் கட்டை விளையாட்டுல உக்காந்துட்டா, கூடப் படிக்கிற பிள்ளையள்ட்ட வாய் ஓயாமப் பேசுதா. நான் திரும்பப் போறதுக்குள்ள எனக்கும் அதுக்குள்ள ஒரு இடம் வேணும்."

மகள் அதற்கு ஒரு நிபந்தனை விதித்திருந்தாள். முதலில் அவர் தனியாக, தம் சொந்த உலகில், மூன்று இரவுகள் உயிரோடிருந்து காட்ட வேண்டும். இல்லாவிட்டால் அவளுடைய ஆடுமாடுகளுக்கெல்லாம் ஆபத்து என்பது அவள் கட்சி.

குழாயில் மரை பூட்டிப் பழகிய பெருவிரல்கள் கண்ணாடித் திரையில் வழுக்கின. மரத்தை நோக்கி நடந்தால் ஆற்றில் விழுந்தார். முதல் இரவு நெருங்கியபோது சுவர் எழுப்ப நேரமில்லை. காலடியில் குழி பறித்து, தலைக்குமேல் ஒரு மண்கட்டையை வைத்து மூடிக்கொண்டார்.

"என்ன வே பாய், ஆளையே காணும்?" என்றார் பக்கத்திலிருந்த மளிகைக்கடை அண்ணாச்சி.

"உள்ளுக்குள்ளதான் இருக்கேன் அண்ணாச்சி. மேல நடக்கிறவன் போகட்டும்."

"பைய வாரும். மேல ஒண்ணும் சோறு ஆறிப்போகல."

வீட்டிலும் விடாது பழகியிருக்கிறார். அதற்கடுத்த சனிக்கிழமை மூன்று இரவுகளைக் கடந்துவிட்டதாகச் சொல்லிக் கைப்பேசியை நீட்டினார். அவரை அழைத்துப்போக வந்திருந்த மகள், தேர்வு மேற்பார்வையாளரின் முகத்தோடு அவர் வீட்டைச் சுற்றிப் பார்த்தாள்.

"ஒரு ஜன்னல்கூட வைக்கலியே வாப்பா?"

"நான் அங்கன இருக்கிற ரூம்லயும் ஜன்னல் கிடையாது ஏட்டி. அந்தப் பழக்கம்" என்றார் அவர், மிக இயல்பாக.

அவள் அந்தச் சுவர்களை இன்னொரு முறை சுற்றிப் பார்த்தாள். பிறகு தன் உலகத்துக்குள் நுழையும் வழியை அவருடைய கைப்பேசியில் தானே அமைத்துக் கொடுத்தாள்.

மறுநாள் நண்பகலில் எனக்குத் தொலைபேசி வந்தது. "டீச்சர், பயிரெல்லாம் போச்சு" என்றார் அந்தத் தந்தை. நடந்தது இதுதான். மகள் சுரங்கத்தில் இரும்பு தேடிக்கொண்டிருந்தாள். தந்தை மேலே அவளுடைய ஊரைச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். குன்றின் சரிவில் அவளே கட்டிய குளம் இருந்தது. அதற்கு ஒரு படி கீழே கோதுமை வயல். வயலின் நடுவே ஒடுங்கிய வாய்க்கால் ஒன்றில் மட்டும் நீர் நின்றது. பயிர் நின்ற மண்ணின்மேல் ஒரு துளி இல்லை. தண்ணீர் கட்டாமல் மகள் பயிரைக் காயவிட்டிருக்கிறாள் என்று எண்ணி, குளத்தின் கரையை நான்கு இடங்களில் வெட்டிவிட்டார். நீர் வயலுக்குள் பாய்ந்து, பாதி விளைந்த பயிர் முழுவதையும் வேரோடு பெயர்த்துத் தள்ளிவிட்டது. மகள் மேலே வந்து பார்த்தாள். "வெளிய போங்க வாப்பா" என்பதற்குமேல் அவள் ஒரு சொல்லும் சொல்லவில்லையாம்.

தொலைபேசியை வைத்துவிட்டு என் குறிப்பேட்டை எடுத்துப் பார்த்தேன். 'பயிருக்கு நீர் வேண்டும்' என்று எழுதியிருந்தேன். எவ்வளவு, எங்கே என்று எழுதவில்லை. சிறு வயதில் கன்னடியன் கால் என்னும் வாய்க்காலிலிருந்து வயலுக்கு வயல் மண்வெட்டியால் நீர் திருப்பிவிட்டவர் அவர். நெல்வயலில் நீர் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் வயலுக்குரியவனைத்தான் ஊர் பேசும். இந்த விளையாட்டிலோ நெல்லே கிடையாது. தாமிரபரணிக் கரையில் கோதுமையை மாவாகப் பார்த்தவர்கள்தாம் உண்டு. பயிராகப் பார்த்தவர்கள் யார்? பக்கத்து மண்ணில் ஈரம் இருந்தால் போதும், பயிரின்மேல் நீர் படலாகாது என்ற ஒரு வரியை எழுதாதது என் பிழை. சொற்களைச் செப்பம் செய்வதில் செலவிட்ட பொழுதில் ஒரு பகுதியை அதற்குச் செலவிட்டிருக்கலாம்.

அடுத்த வகுப்பில் அதை எல்லோர் முன்னிலையிலும் சொன்னேன். அவர் கடைசி வரிசையில் கைப்பேசியைத் திறக்காமல் அமர்ந்திருந்தார். விடுப்பில் ஒன்பது நாள்தான் எஞ்சியிருந்தது. ஆறு நாளாக மகளிடமிருந்து அந்த மூன்று பேச்சும் இல்லை என்று முன்பே என்னிடம் சொல்லியிருந்தார். தாய் வற்புறுத்தி அனுப்பியதால் அவள் வந்திருந்தாள். உள்ளே வராமல் கதவருகே நின்றாள்.

மளிகைக்கடை அண்ணாச்சிக்கு அமைதி ஆகாது. "விடுங்க டீச்சர். ஊருல பத்து நாளு ஆள் விட்டு அறுக்கிற வேலையை, பாய் ஒத்தை ஆளா ஒரு நிமிஷத்துல முடிச்சிட்டாரு" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அவரும் தலைகுனிந்தபடியே சிரித்தார்.

கதவருகே நின்றவள் சிரிக்கவில்லை. மெல்ல உள்ளே வந்து என் மேசைமுன் நின்றாள். "டீச்சர், அந்தப் பயிர் நல்லா முத்தியிருந்தா? அப்பவும் தண்ணி இப்படித்தான் பிடுங்கிப் போட்டிருக்குமா?"

எனக்குத் தெரியவில்லை. தெரியாது என்றே சொன்னேன். என் உலகில் முற்றிய கோதுமை வயலொன்று கைவசம் இருந்தது. கைப்பேசியை அவளிடம் நீட்டினேன். அவள் வாங்காமல் திரும்பித் தந்தையைப் பார்த்தாள். "வாப்பா, நீங்க வந்து வெட்டுங்க."

அவர் எழுந்து வந்தார். வயலுக்கு மேலே மண்ணால் கரை கட்டி, அதற்குள் வாளி வாளியாக நீர் நிரப்பி, கரையை வெட்டினார். நீர் பாய்ந்தது. முற்றிய கதிர்கள் அத்தனையும் கொத்துக் கொத்தாகப் பிரிந்து, விதைகளோடு மிதந்து, வயலின் கீழ்க்கோடியில் ஒதுங்கின. கை வைக்காமல் அறுவடை முடிந்திருந்தது.

"கீழ குறுக்க ஒரு வாய்க்கால் வெட்டிட்டா எல்லாம் ஒரே மூலையில வந்து சேருமே ஏட்டி" என்றார் அவர்.

"இந்தத் தண்ணி ஏழு கட்டைக்கு மேல ஓடாது வாப்பா."

"ஏழு கட்டையா? எங்க கால்ல தண்ணி ஏழு ஊரைத் தாண்டும்."

"இது உங்க கால் இல்ல. ஏழுக்கு ஒரு படி இறக்கணும்."

"அப்ப படிக்கு ஒரு மடை வைப்போம்."

வகுப்பு முடிந்து மற்றவர்கள் போன பின்பும் இருவரும் எழவில்லை. நான் நூலகத்தைப் பூட்ட வேண்டியிருந்தமையால் சாவிக்கொத்தை இருமுறை மேசைமேல் வைத்து எடுத்தேன்.

எஞ்சிய ஒன்பது நாளில் அவளுடைய குன்றின் சரிவு மூன்று படிகளாயிற்று. நடுவில் ஒருமுறை மடைக்கதவு தவறித் திறந்து பாதி விதை அழிந்ததாகவும், அதற்கு இருவரும் மாறி மாறி ஒருவரை ஒருவர் பழித்துக்கொண்டதாகவும் கேள்விப்பட்டேன். பிறகு அவர் பணிக்குத் திரும்பினார்.

குறிப்பேட்டின் புதிய படியில் நீரைப் பற்றி அரைப் பக்கம் எழுதினேன். எழுதியதைவிடக் காட்டுவது நன்று என்று தோன்றியதால், புதிய பெற்றோர்களுக்கு அந்த வயலைக் காட்ட ஒரு சனிக்கிழமை அவளை வரச் சொன்னேன். தாயுடன் வந்தாள். ஒரு கைப்பேசியில் வயல் தெரிந்தது. தாயின் கைப்பேசியில், அன்று பிற்பகல் பணி இல்லாத தந்தையின் குரல் கேட்டது. திரையில் மேல்மடையருகே அவருடைய உருவம் நின்றது.

"முத்திட்டா?" என்றது குரல்.

"ரெண்டு வரிசை இன்னும் பச்சையா இருக்கு. பைய."

காத்திருந்த வேளையில், கணக்கு ஆசிரியை விடுப்பில் போனதையும், பக்கத்து வீட்டுப் பூனை குட்டி போட்டதையும், தான் புதிதாகக் கட்டும் வீட்டில் ஆறு ஜன்னல் வைத்திருப்பதையும் அவள் அவரிடம் சொன்னாள். அதில் ஓர் அறை அவருக்கு என்றாள். பிறகு, "இப்பத் திறங்க வாப்பா" என்றாள். மேல்மடை திறந்தது. கதிர்கள் மிதந்து மூலையில் சேர்ந்தன. பெற்றோர்கள் எழுந்து நெருங்கி வந்து பார்த்தார்கள்.

"சரிம்மா, நேரமாச்சு. உம்மாட்ட கொடு" என்றார் அவர்.

"இருங்க வாப்பா," என்றாள் அவள், "இன்னும் ரெண்டு படி இருக்கு."