பிரேக்கிலிருந்து எடுக்காத கால்

சாத்தூரிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த பேருந்து மூடிய ரயில்வே கேட்டில் நின்றபோது பொன்னுத்தாயிடமிருந்து போன் வந்தது. பட்டாசுக் கம்பெனியின் பேக்கிங் ஷெட்டில் என்னோடு வேலை பார்த்தவள். "அக்கா, காரியாபட்டி டிரைவர் அண்ணன் போயிட்டாகளாம். நெஞ்சுவலியாம். மதுரை ஆஸ்பத்திரியிலருந்து வீட்டுக்குக் கொண்டு வர்றாகளாம்" என்றாள். உடனே இறங்கி ஓட வேண்டும் போல் இருந்தது. படிக்கட்டு வரை ஆட்கள் நெருக்கி நின்றார்கள். முன்னால் லாரி, பின்னால் லாரி. ரயிலையும் காணோம். அழக்கூட இடமில்லாமல் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

இதை வாசிக்கும் உங்களில் பலருக்கு சுப்புராஜ் என்ற பெயர் தெரியாது. காரியாபட்டி டிரைவர் என்றால் தெரியும். தாயில்பட்டிப் பக்கம் நான் வேலை பார்த்த கம்பெனிக்கு லோடு ஏற்ற வருவார். வாய் அடங்காத மனிதர். வண்டியை விட்டு இறங்கியதும் எங்கள் ஷெட்டைப் பார்த்து, "எல்லாரும் முழுசா இருக்கீகளா?" என்பார். பட்டாசு வேலை பார்க்கிறவர்களிடம் கேட்கிற கேள்வியா இது என்று எனக்கு எரிச்சல் வரும். "மொதல்ல உங்க டயரு முழுசா இருக்கான்னு பாருங்க" என்பேன். சிரிப்பார். ஆனால் உண்மையிலேயே அவருக்கு அந்தக் கவலைதான்.

எங்கள் கம்பெனியில் லோடு ஏற்றும் இடம் ஒரு சந்து. கேட்டிலிருந்து இறக்கமாக வந்து, ஸ்டாக் ரூம் மூலையில் திரும்பி, எங்கள் ஷெட் முன்னால் முடிந்துவிடும். ஒரு பக்கம் ஸ்டாக் ரூம் சுவர், மறுபக்கம் கண்ணாடிச் சில்லு பதித்த காம்பவுண்டுச் சுவர். சந்தின் முடிவில் பின்வாசல் ஒன்று இருந்தது. சரக்கு களவு போகிறதென்று அதைச் செங்கல் வைத்து அடைத்துவிட்டார்கள். பட்டாசுக் கம்பெனிக்குள் லாரி பின்பக்கமாகத்தான் வர வேண்டும், அதன் முகம் வாசலைப் பார்த்து நிற்க வேண்டும். ஏதாவது ஒன்று என்றால் சரக்கோடு வெளியே எடுத்துவிடலாம் என்ற எண்ணம். அப்படி வந்த ஏதோ ஒரு வண்டி ஸ்டாக் ரூம் மூலையைப் பெயர்த்துவிட்டது. சுவரைக் காப்பாற்ற அந்த மூலையில் கருங்கல்லில் ஒரு கல்லுக்கால் ஊன்றினார்கள். சுவர் பிழைத்தது. டயர்கள் போக ஆரம்பித்தன.

வெறும் வண்டி உள்ளே வரும்போது அந்தக் கல் ஒன்றும் செய்யாது. லோடு ஏறியபின் டயர் பக்கவாட்டில் உப்பிக்கொள்ளும். வெளியே போகத் திரும்பும்போது பின்சக்கரம் மூலையை ஒட்டிக்கொண்டு வரும். அப்போதுதான் கல் தன் வேலையைக் காட்டும். "டயருக்கு மிதிக்கிற பக்கம் உள்ளங்காலு மாதிரி தாயி. முள்ளு கல்லு எதையும் தாங்கும். பக்கவாட்டு இருக்கே, அது கன்னம். ஒரு கீறலு தாங்காது" என்பார் அண்ணன். கிளம்பும் முன் குனிந்து, பின்டயரின் கன்னத்தை உள்ளங்கையால் ஒரு தடவை தடவிப் பார்ப்பார். அந்த மூலையில் ஏற்கெனவே டயரைப் பறிகொடுத்திருந்தார். இன்னொரு டயர் போனால் சாவியை வைத்துவிட்டுப் போய்விட வேண்டும் என்று லாரி ஓனர் எங்கள் எல்லார் முன்னாலும் சொல்லியிருந்தார்.

ஆயுத பூஜை வந்தது. அன்றைக்குக் கம்பெனியில் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைப்போம். அந்தக் கல்லுக்காலுக்கும் சுண்ணாம்பு அடித்துப் பொட்டு வைக்கும் வேலை என்னிடம் வந்து சேர்ந்தது. வைத்துக்கொண்டிருக்கும்போது அண்ணன் வந்துவிட்டார்.

"டயரக் கடிச்ச கல்லுக்குப் பொட்டு வேறயா? ஒரு மாலையும் போட்டு ஆரத்தி எடு தாயி."

"கும்பிட்டுக் கேட்டா அடுத்த தடவ விட்டுரும்ண்ணே."

சக்கரத்துக்கு அடியில் வைக்கக் கொண்டுவந்த எலுமிச்சம்பழத்தில் ஒன்றை எடுத்துக் கல்லின் தலையில் வைத்தார். ஷெட்டே சிரித்தது. அவர் சிரிக்காமல் போர்மேனிடம் போய், "இந்தக் கல்லப் பிடுங்கிருங்கய்யா. சுவரு போனா கட்டிக்கிடலாம்" என்றார். சீசன் முடியட்டும், பார்க்கலாம் என்றார் போர்மேன்.

சீசன் முடியவில்லை. தீபாவளிக்கு முந்தின ஒரு மத்தியானம், வண்டியில் கடைசிப் பெட்டியும் ஏறித் தார்ப்பாய் கட்டி முடித்த நேரம், வெம்பக்கோட்டைப் பக்கம் வானம் கறுத்து இடி கேட்டது. இடி கேட்டால் எங்கள் பக்கத்தில் வேலையை அப்படியே போட்டுவிட்டு வெளியே பொட்டலுக்குப் போய்விட வேண்டும். ஒரு மின்னல் போதும், ஷெட் இருந்த இடம் தெரியாது. போர்மேன் கேட்டில் நின்றுகொண்டு, "மொதல்ல லாரி வரட்டும், பொறவு பொம்பளைக வாங்க" என்று கத்தினார். அந்த வரிசைதான் தப்பு. முதலில் சரக்கு, பிறகு ஆள். இதை எழுதும்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

கிளீனர் அன்றைக்கு வரவில்லை. சக்கரத்தைப் பார்த்துக் குரல் கொடுக்க ஆள் இல்லாமல் அண்ணன் வண்டியை எடுத்தார். மூலையில் திரும்பும்போது பெரிதாக வெடித்தது.

பட்டாசுக் கம்பெனிக்குள் வெடிச்சத்தம் கேட்டால் யாரும் என்னவென்று நின்று பார்க்க மாட்டார்கள். நாங்கள் ஓடினோம். அடைத்துவைத்த பின்வாசல் வரைக்கும் ஓடி, செங்கல்லில் மோதி நின்றோம். அதற்குமேல் ஓட இடமில்லை. பொன்னுத்தாய் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அடுத்த சத்தம் வரவில்லை. திரும்பிப் பார்த்தால், லாரி ஒரு பக்கம் சாய்ந்து மூலையில் ஆப்பு மாதிரி இறுகி நின்றது. கல் பின்டயரின் கன்னத்தைக் கிழித்திருந்தது.

இரண்டு பக்கமும் சுவர் ஒட்டியிருந்ததால் அண்ணனால் கதவைத் திறக்க முடியவில்லை. எங்களால் லாரியைத் தாண்டிப் போக முடியவில்லை. சுவர் ஏற உதவும் ஏணி ஸ்டாக் ரூமுக்குள் இருந்தது, அதன் கதவை லாரியே அடைத்துக்கொண்டு நின்றது. மேலே இடி. எங்களுக்கும் வாசலுக்கும் நடுவில் வண்டி நிறையப் பட்டாசு.

"ஏலே சுப்பு, அப்படியே இழுத்துட்டு வாலே" என்றார் போர்மேன்.

"டயரு எறங்கிருச்சுய்யா. இப்ப இழுத்தா சக்கரத்து இரும்பு கல்லுல உரசும். பொறி பறக்கும். எடுக்க மாட்டேன்." இன்ஜினை அணைத்துவிட்டு எங்களுக்குக் குரல் கொடுத்தார். "அக்கா தங்கச்சிமாரெல்லாம் வண்டிக்கு அடியில தவழ்ந்து போயிருங்க. தரை எறக்கமா இருக்கு, ஹேண்ட் பிரேக்க நம்பல. கால எடுக்காம மிதிச்சுக்கிட்டு இருக்கேன். பயப்படாமப் போங்க."

ஒருவர் பின் ஒருவராகப் போனார்கள். பொன்னுத்தாய் அழுதுகொண்டே தவழ்ந்து போனாள். நான் போகவில்லை. அப்போது என் வயிறு நன்றாகப் பெருத்திருந்த மாதம். பின் அச்சின் நடுவில் ஓர் இரும்பு உருண்டை தொங்கும், அதற்கு அடியில் என்னால் நுழைய முடியாது என்று பார்த்ததுமே தெரிந்தது. குனிந்து பார்த்தேன். ஒருக்களித்துப் பார்த்தேன். எழுந்துவிட்டேன்.

"எல்லாரும் போயாச்சா?" என்றார் அண்ணன்.

"நான் போகலண்ணே. வயிறு நுழையல."

அவர் தொண்டையைச் செருமியது கேட்டது. பிறகு, "சரி தாயி. நானும்தான் போகல. ரெண்டு பேரும் இங்கனதான் இருக்கோம்" என்றார். முகம் தெரியவில்லை. பெட்டிகளுக்கு அந்தப் பக்கமிருந்து குரல் மட்டும் வந்தது. அந்தக் குரல் இல்லாவிட்டால் நான் அந்தச் செங்கல் சுவரில் தலையை முட்டிக்கொண்டிருப்பேன்.

"பிள்ள உதைக்குதா?"

"உதைக்குதுண்ணே."

"உதைக்கட்டும். என் காலு மரத்துப்போச்சு, அது காலாவது வேல செய்யட்டும்."

அழுதுகொண்டிருந்தவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதற்குள் அவர் யோசித்து முடித்திருந்தார். ஷெட் வாசலில் இருந்த தண்ணீர்த் தொட்டியில் சாக்குகளை முக்கி, கல்லுக்கும் சக்கரத்துக்கும் நடுவில் எவ்வளவு முடியுமோ அவ்வளவு திணிக்கச் சொன்னார். திணித்தேன். பெரிய பெரிய துளியாக மழை இறங்கியது.

"கல்லு நனைஞ்சிருச்சா தாயி?"

"நல்லா நனைஞ்சிருச்சுண்ணே."

"அப்ப எடுக்கேன். நீ தள்ளி நின்னு சக்கரத்தப் பாரு. பொறி தெரிஞ்சா நில்லுன்னு கத்து."

"பக்கத்துலயே உள்டயரு இருக்கு, அதுவும் கிழிஞ்சிரும்ண்ணே. ஓனரு உங்கள..."

"டயரப் பாக்காத. இன்னைக்கு அதுக்குக் கன்னமும் இல்ல, ஒண்ணும் இல்ல. வெறும் ரப்பரு."

"போகட்டும், போகட்டும்" என்று தொண்டை கிழியக் கத்தினேன். வண்டி முக்கிக்கொண்டு நகர்ந்தது. சாக்கு நைந்தது. உள்டயரும் கிழிந்து காற்று சீறியது. பொறி வரவில்லை. லாரி வாசலைத் தாண்டியது. அதன் பின்னாலேயே நனைந்த தரையில் வெறுங்காலோடு நடந்து நானும் வெளியே வந்தேன்.

அண்ணனால் கீழே இறங்க முடியவில்லை. லோடுமேன்கள் தூக்கி இறக்கினார்கள். மழையில் உட்கார்ந்து கெண்டைக்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தார். சாயங்காலம் ஓனர் வந்தார், கிழிந்த டயர்களைப் பார்த்தார், சாவியைக் கேட்டார். அண்ணன் எடுத்துக் கொடுத்தார். நடந்ததைச் சொல்லியிருக்கலாமே என்று பிறகு அவரோடு சண்டை போட்டேன். "என்னத்தச் சொல்ல? டயரு போனது நெசந்தான?" என்றார். கல்லுக்காலை அடுத்த வாரம் பிடுங்கினார்கள். பின்வாசலைத் திறக்கவில்லை.

அதன்பிறகு அவர் விருதுநகரில் தண்ணீர் லாரி ஓட்டினார். நான் சிவகாசியில் ஓர் அச்சகத்தில் மெய்ப்புப் பார்க்கும் வேலைக்குப் போனேன். எங்கே பார்த்தாலும், "பிரேக்கு எப்படி இருக்கா?" என்பார். என் மகளுக்கு அவர் வைத்த பெயர் அது. வீட்டில் நாங்கள் வைத்த பெயரை அவர் ஒருநாளும் சொன்னதில்லை. மகளும் அந்தப் பெயருக்குத்தான் ஓடிப்போய் அவர் கையைப் பிடிப்பாள்.

ரயில்வே கேட் திறந்து வீடு போய்ச் சேர்ந்ததும் அவளைக் கூட்டிக்கொண்டுதான் காரியாபட்டிக்குப் போனேன். அண்ணன் வீடு ஒரு குறுகலான தெருவின் கடைசியில் இருந்தது. சுடுகாட்டுக்குக் கொண்டுபோகும் வண்டி முகத்தை வெளியே வைத்துப் பின்பக்கமாக வந்துகொண்டிருந்தது. தெரு முனையில் சாக்கடைமேல் துருத்திக்கொண்டிருந்த பலகைக்கல்லை நோக்கிப் பின்டயர் போனது. எல்லாரும் அழுதுகொண்டிருந்தார்கள், சக்கரத்தை யாரும் பார்க்கவில்லை. நான் மகள் கையை விட்டுவிட்டு வண்டிக்குப் பின்னால் போய் நின்றேன். "வரட்டும், வரட்டும், கொஞ்சம் வலது, நில்லுங்க" என்றேன். டிரைவர் தலையை நீட்டி, யார் இந்தப் பொம்பளை என்று பார்த்தார். சொன்னபடி நிறுத்தினார்.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது இதுதான். எந்த இடத்துக்குள் போனாலும் வெளியே போகும் வழியை முதலில் தேடுகிறேன். எந்த லாரி பக்கத்தில் நின்றாலும் என் கண் அதன் டயரின் கன்னத்துக்குப் போகிறது. பிறகு அந்தக் குரல், ரெண்டு பேரும் இங்கனதான் இருக்கோம் என்றது.

அண்ணனை ஏற்றினார்கள். வண்டி கிளம்பும் முன் குனிந்து, பின்டயரின் பக்கவாட்டை உள்ளங்கையால் தடவிப் பார்த்தேன். மகள் பக்கத்தில் வந்து நின்றாள். "போகட்டும்" என்று நான்தான் சொன்னேன். பலகைக்கல்லுக்கும் டயருக்கும் நடுவில் ஒரு கை நுழையும் இடைவெளி இருந்தது. அண்ணன் ஒரு கீறல் இல்லாமல் தெருவைத் தாண்டினார்.