சம்மனசூரில் மூன்றாம் ஓலை

அறுபத்தொன்று பிப்ரவரி. ஒரு ஞாயிற்றுக்கிழமை.

போனதற்குக் காரணம் ஒரு பாடம். சேலத்தில் ஒரு கல்லூரியில் டியூட்டராக இருக்கிறேன். ஆங்கிலப் பாடப் புத்தகத்தில் இங்கிலாந்துக் கிராமம் ஒன்றைப் பற்றி நாலு பக்கம் வருகிறது. நடுவில் கோயில், கூம்புக் கோபுரம். கோயில் முன்னால் புல்வெளி. அதைச் சுற்றி வீடுகள். வீடுகளுக்கு அப்பால் வேலி போட்ட வயல்கள். வேலியில் ஸ்டைல் என்று ஒன்று.

சங்ககிரியிலிருந்து ரயிலில் வரும் பையன் எழுந்து கேட்டான். "ஸ்டைல்னா முடி வெட்டிக்கறதுங்களா சார்?"

வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். எனக்கும் தெரியாது. மறுநாள் அகராதி பார்த்துவிட்டு, வேலியைத் தாண்டுவதற்கு வைத்திருக்கும் படி என்று சொன்னேன். அவன் விடவில்லை. "படி எதுக்குங்க சார்? வாசல் வெச்சாப் போதாதுங்களா?" நல்ல வேளை, மணி அடித்தது.

இங்கிலாந்தின் கிராமங்களைப் பற்றி ஓர் அலமாரி நிறையப் படித்திருக்கிறேன். சேலத்துக்கு இருபது மைலில் இருக்கிற ஒரு கிராமத்தில் ஒரு பகல்கூட இருந்ததில்லை. இதில் எனக்கு வெட்கம் வரவில்லை. விசித்திரமாகத்தான் இருந்தது.

கூட வேலை பார்க்கும் கணக்கு ஆசிரியர் கத்தோலிக்கர். "சம்மனசூர் போய்ப் பாருங்கள். நடுவில் கோயில், சுற்றி வீடு, அதற்கப்புறம் காடு. உங்கள் பாடம் அப்படியே இருக்கும்" என்றார். சம்மனசு என்றால் அவர்கள் வழக்கில் தேவதூதன். காடு என்றால் இந்தப் பக்கத்தில் மழையை நம்பிய நிலம். இரண்டையும் அவர்தான் சொல்லித் தந்தார்.

போக நினைப்பவர்களுக்கு வழி சொல்லிவிடுகிறேன். சேலத்தில் காலை ஏழு மணிக்கு, மல்லசமுத்திரம் வழியாகத் திருச்செங்கோடு போகும் பஸ். டிக்கெட் தொண்ணூறு நயா பைசா. வலப்பக்கம் உட்காருங்கள், காலை வெயில் இடப்பக்கம் அடிக்கிறது. கஞ்சமலை பின்னால் போனதும் தரை சமமாகிவிடும். சோளம் அறுத்த காடுகள், தட்டுப் போர்கள், பனை. பார்க்க ஒன்றுமில்லை என்று முதலில் தோன்றும். அரை மணி நேரம் கழித்து அந்த ஒன்றுமில்லாததையே பார்த்துக்கொண்டிருப்பீர்கள்.

பஸ்ஸில் கூட்டம். கண்டக்டர் என்னைப் பார்த்து, "சாமி, உள்ள போங்க" என்றார். அடுத்து ஒரு மூன்று வயதுக் குழந்தையைப் பார்த்து, "சாமி, நீ ஆத்தா மடியில உக்காந்துக்க." அதற்கடுத்துக் கோழிக் கூடையோடு ஏறிய கிழவரிடம், "ஏனுங்க சாமி, கோழிக்கு யாரு டிக்கெட்டு எடுக்கறது?" பெரியவரும் சாமி, பிள்ளையும் சாமி. மல்லசமுத்திரம் வருவதற்குள் நான் அந்தச் சொல்லுக்குப் பழகிவிட்டேன். அது என் பெயர் மாதிரி ஆகிவிட்டது.

சம்மனசூர்க் கைகாட்டியில் இறங்கும்போது எட்டரை. ஒரு டீக்கடை மட்டும். அங்கிருந்து ஊருக்கு மூன்று மைல் வண்டித்தடம். டீக்கடைக்காரரும் சாமி என்றுதான் கூப்பிட்டார். டீயும் இரண்டு போண்டாவும் சாப்பிட்டேன். நடக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது ஒரு கூண்டு வண்டி வந்து நின்றது. ஓட்டி வந்தவருக்கு நாற்பது வயதிருக்கும். தலையில் துண்டு. என் நீளமான வெள்ளை ஜிப்பாவையும் மூக்குக் கண்ணாடியையும் தோல் பையையும் நிதானமாகப் பார்த்தார். தலைத்துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"ஏனுங்க, சாமிங்களா?"

"ஆமாங்க" என்றேன்.

"சம்மனசூருக்குத் தானுங்களே?"

"ஆமாங்க."

"ஏறுங்க சாமி. உங்களுக்குத்தான் வந்தேன்."

கணக்கு ஆசிரியர் சொல்லி அனுப்பியிருக்கிறார் என்று நினைத்தேன். அவருடைய அக்கறை மனதைத் தொட்டது.

வண்டிக்காரர் பெயர் நாச்சிமுத்து. சம்மனசூரை ஒட்டிச் சொந்தமாகக் காடும் கிணறும் உள்ள விவசாயி. வண்டிக்கு என்ன தரவேண்டும் என்று கேட்டேன். "உங்ககிட்டப் போயிக் காசு வாங்குவனுங்களா!" என்று பதறிவிட்டார். நான் மேலும் நெகிழ்ந்தேன்.

"சாமிக்கு இந்தப் பக்கம் புதுசுங்களா?"

"முதல் தடவை."

"நாளைக்குக் கல்யாணத்துக்கு இருப்பீங்கல்லங்க?"

"யார் கல்யாணம்?"

"நம்ம செசிலிப் புள்ளையோடதுங்க."

"கூப்பிட்டால் இருக்கலாம்."

அவர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். "சாமி நல்லாத் தமாசு பேசறீங்க. நீங்க இல்லாம எப்புடீங்க கல்யாணம் நடக்கும்?"

கொங்கு நாட்டு உபசாரம் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறேன். இவ்வளவு தூரம் போகும் என்று தெரியாது.

தடத்துக்கு இருபுறமும் கிளுவை வேலி. ஓரிடத்தில் வேலி விட்டிருந்தது. அந்த இடைவெளியில் கவட்டை போன்ற ஒரு மரத்தை நட்டிருந்தார்கள். ஆள் காலைத் தூக்கி ஒருக்களித்து நுழையலாம். மாடு நுழையாது.

"அதற்கு என்ன பெயர்?"

"எதுக்குங்க? அதுக்கா? வழிதானுங்க. ஊருக்குக் குறுக்கு வழி."

இறங்கிப் போய், ஒருமுறை அந்தப் பக்கம் நுழைந்தேன். ஒருமுறை இந்தப் பக்கம். வாசல் வைத்தால் யாராவது திறந்து போட்டுவிட்டுப் போவார்கள், மாடு காட்டில் இறங்கும். சங்ககிரிப் பையனுக்குப் பதில் கிடைத்துவிட்டது. நாச்சிமுத்து வண்டியை நிறுத்திக் காத்திருந்தார். 

ஊர் தெரிந்தது. முதலில் கோபுரம். வெள்ளையடித்தது, உயரமில்லாதது. கோயில் முன்னால் புல்வெளி இருக்கவேண்டிய இடத்தில் ஒரு மண் களம், புளியமரம். களத்தைச் சுற்றி ஓட்டு வீடுகள். ஒரு வீட்டு முன்னால் புதுத் தென்னங்கீற்றுப் பந்தல். வீடுகளுக்குப் பின்னால் உடனே காடு தொடங்கிவிடுகிறது. கணக்கு ஆசிரியர் சொன்னது சரி. பாடத்தை யாரோ வெயிலில் காயவைத்த மாதிரி இருந்தது.

மரத்தில் தொங்கிய தண்டவாளத் துண்டை ஒருவர் அடிக்க ஆரம்பித்தார். வீடுகளிலிருந்து எல்லாரும் வந்தார்கள். பெண்கள் தலையில் முக்காடு. நான் வண்டியை விட்டு இறங்கினேன். முன்வரிசை முழங்காலிட்டது.

தண்டவாளம் அடித்தவர் வந்து என் முன்னால் கைகுவித்து, "தோத்திரம் சாமி" என்றார்.

என்ன சொல்லவேண்டும் என்று தெரியவில்லை. "வணக்கம்" என்றேன்.

எங்கோ ஓர் ஆடு கத்தியது.

முழங்காலிட்டிருந்த பெண்களில் ஒருத்தி மெதுவாக எழுந்தாள். "ஏனுங்க," என்றாள். "நீங்க சாமியில்லீங்களா?"

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. கத்தோலிக்கர்கள் தங்கள் குருவையும் சாமி என்றுதான் சொல்வார்கள்.

எழுந்தவள் லூர்துமேரி, மணப்பெண்ணின் தாய். தண்டவாளம் அடித்தவர் அவள் கணவர் சவரியப்பன். தொழில் கொத்து வேலை. கோயிலைப் பார்த்துக்கொள்வதும் அவர்தான். நடந்தது இது. அவர்கள் முறைப்படி கல்யாணத்துக்கு முன் மூன்று தடவை பூசையில் ஓலை வாசிக்கவேண்டும். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை தெரிந்தவர்கள் சொல்லுங்கள் என்று. இரண்டு ஓலைகளைப் பழைய குரு வாசித்துவிட்டு, நோயில் படுத்துவிட்டார். மூன்றாவதை வாசிக்க இன்று புதுக் குரு வருகிறார். அவரை ஊரில் யாரும் பார்த்ததில்லை. சவரியப்பன், நண்பர் நாச்சிமுத்துவிடம், நீளமாக வெள்ளை உடுப்புப் போட்டிருப்பார், சாமியா என்று கேட்டுக் கூட்டி வா என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். நாளைக் காலை கல்யாணம். புதன்கிழமை நாற்பது நாள் நோன்பு தொடங்குகிறது. நோன்பில் கல்யாணம் கிடையாது. மாப்பிள்ளை அந்தோணி பம்பாயில் மில் வேலை. அதே புதன்கிழமை அவனுக்கு ரயில். இன்று ஓலை வாசிக்காவிட்டால் இனி அவனுக்கு லீவு கிடைக்கும் வரை ஒத்திப்போட வேண்டும். அநேகமாக அடுத்த வருஷம். ஏற்கெனவே ஒரு வருஷம் ஒத்திப்போட்ட கல்யாணம்.

நிஜக் குரு இந்நேரம் கைகாட்டியில் நிற்பார். அல்லது நிற்கமாட்டார்.

"நான் என்னங்க பண்ணட்டும்?" என்றார் நாச்சிமுத்து. "சாமிங்களான்னு கேட்டேன். ஆமாங்கன்னாரு."

"உங்களுக்கு யாருதாண்ணா சாமியில்ல?" என்றாள் லூர்துமேரி. "எங்க ஊட்டு நாய்க்குட்டியக்கூடச் சாமிங்கறீங்க." பிறகு என் பக்கம் திரும்பி, "கைகாட்டியில ஏதாச்சும் சாப்பிட்டீங்களா?"

"இரண்டு போண்டா."

"கேட்டீங்களாண்ணா? பூசை வைக்கப் போற சாமி போண்டா திம்பாருங்களா? அதையாச்சும் பாத்திருக்கக் கூடாதா?"

பூசை முடியும் வரை குருவும் சாப்பிடமாட்டார், நன்மை, அதாவது பூசையில் குரு தரும் அப்பம், வாங்குகிறவர்களும் சாப்பிடமாட்டார்கள். களத்தில் நின்ற பெரியவர்கள் யாரும் முந்தின இரவுக்குப் பிறகு சாப்பிடவில்லை. எந்த வீட்டுக் கூரையிலும் புகையில்லை. எனக்கு வயிற்றில் போண்டா கனத்தது.

அந்தோணி கைகாட்டிக்குக் கிளம்பினான். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சைக்கிளை எடுத்தான். வேலியில் இருந்த அந்த வழியில் சைக்கிளைத் தலைக்கு மேல் தூக்கி அந்தப் பக்கம் வைப்பது தூரத்தில் தெரிந்தது. பிறகு தெரியவில்லை.

பத்தரை. பன்னிரண்டு. ஒரு மணி.

ஊரைச் சுற்றிப் பார்க்க வந்தவன் நான். பார்த்தேன். பந்தலில் யாரும் உட்காரவில்லை. ஆத்தூரிலிருந்து உறவினர்கள் பெட்டியோடு வந்து, "பூசை முடிஞ்சிடுச்சா?" என்று கேட்டார்கள். எல்லாரும் என்னைக் காட்டினார்கள். நாச்சிமுத்து மாட்டை அவிழ்த்துவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அந்த ஊரில் எங்கள் இருவருக்கு மட்டும் அன்று வேறு துணையில்லை.

செசிலி வந்து ஒரு சொம்புத் தண்ணீர் வைத்தாள். இருபது வயதுக்குள். கண் சிவந்திருந்தது. குரல் சாதாரணமாக இருந்தது.

"நீங்க காலேஜில பாடம் படிச்சுக் காட்டறவருன்னாங்க."

"ஆமாம்."

"அப்ப அந்த ஓலையையும் நீங்களே படிச்சிட்டா ஆகாதுங்களா?"

"ஏ புள்ள!" என்று வீட்டுக்குள்ளிருந்து லூர்துமேரியின் குரல் வந்தது. அவள் சிரித்தாள். போகும்போது முகத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டாள்.

புத்தகத்தில் இருக்கும் இங்கிலாந்துக் கிராமத்தில் யாரும் எதற்கும் காத்திருப்பதில்லை. மணி அடிக்கிறது, குரு தேநீருக்கு வருகிறார். அந்த நாலு பக்கத்தை எழுதியவர், பஸ்ஸிலிருந்து இறங்கி, சுற்றிப் பார்த்து, மாலையே திரும்பிவிட்டவராக இருக்கவேண்டும். அங்கேயும் ஒரு செசிலி இருந்திருப்பாள். நாலு பக்கத்தில் இடமில்லை.

நாலு மணிக்குச் சற்று முன்னால் வேலிப் பக்கம் யாரோ கத்தினார்கள். சைக்கிள் வந்தது. பின்னால் கேரியரில், அங்கியை முழங்கால் வரை சுருட்டிப் பிடித்துக்கொண்டு, ஒல்லியாக ஓர் இளைஞர். என் வயதுதான் இருக்கும். அந்தோணியின் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

குரு ஆத்தூர்ப் பக்கத்துக்காரர். பேச்சில் 'ங்க' குறைவு. இறங்கியதும் கேட்டார்: "யாருய்யா அந்த இன்னொரு சாமி?"

அவர் அடுத்த பஸ்ஸில் சரியாகவே வந்திருக்கிறார். வண்டி இல்லை. டீக்கடைக்காரரைக் கேட்டிருக்கிறார். "சாமியக் கூட்டிக்கிட்டு வண்டி அப்பவே போயிருச்சுங்களே" என்று பதில். மேற்றாணியார், அதாவது பிஷப், வேறு குருவை அனுப்பிவிட்டார் என்று நினைத்து, திருச்செங்கோட்டுக்கு அப்பால் ஒரு ஊரில் நோயாளியைப் பார்க்கப் போய்விட்டார். அந்தோணி ஊர் ஊராக விசாரித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது, அங்கே அவருக்கு இலை போட்டிருந்தார்கள்.

"சோத்துல கை வைக்கப் போனேன். புடிச்சி எழுப்பிட்டான்," என்றார் குரு. "இன்னும் பட்டினிதான். வாங்க, பூசையை வைப்போம்."

சவரியப்பன் தண்டவாளத்தை அடித்த அடியில் புளியமரத்துக் காக்கைகள் எல்லாம் எழும்பின.

சேலத்துக்குக் கடைசி பஸ் கைகாட்டிக்கு ஆறேகாலுக்கு வருகிறது. நடந்தால் ஒரு மணி நேரம், ஐந்துக்குக் கிளம்பியாகவேண்டும். ஊரில் கடை கிடையாது, சாப்பாட்டைக் கையோடு கொண்டுபோங்கள். குறுக்கு வழியில் முள் அதிகம், செருப்பு நல்லதாக இருக்கட்டும். தங்க இடமில்லை, ஆனால் கேட்டால் தருவார்கள். நான் கேட்கவில்லை. ஐந்து மணிக்குக் கிளம்பவும் இல்லை.

கோயிலுக்குள் இடமில்லை. வாசலில் நாச்சிமுத்துவோடு நின்றேன். அவர் துண்டைக் கக்கத்தில் வைத்திருந்தார். லத்தீனில் என்னென்னவோ நடந்தது. பிறகு குரு இந்தப் பக்கம் திரும்பி ஒரு தாளைப் பிரித்தார். பட்டினியில் குரல் கம்மியிருந்தது. அந்தோணியின் பெயர், அவன் தாய் தகப்பன் பெயர். செசிலியின் பெயர், சவரியப்பன், லூர்துமேரி.

"இது மூன்றாம் ஓலை. இந்தத் திருமணத்துக்குத் தடையாக ஏதேனும் இருப்பதாக அறிந்தவர்கள், அதை இப்போது அறிவிக்கவேண்டும்."

ஒரு விநாடி யாரும் அசையவில்லை. பிறகு லூர்துமேரி, முக்காட்டைப் பிடித்தபடி, மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தாள். அவள் வரிசை திரும்பியது. அடுத்த வரிசை. கோயில் முழுவதும் திரும்பி வாசலைப் பார்த்தது. முதலில் சிரித்தது செசிலிதான் என்று நினைக்கிறேன். குரு தாளை முகத்துக்கு உயர்த்திக்கொண்டார். தாள் ஆடியது.

நாச்சிமுத்து என் ஜிப்பாவைப் பிடித்து இழுத்தார்.

"நாம வாயத் தொறக்காம இருந்துக்கலாமுங்க, சாமி."