ஞாயிற்றுக்கிழமை வந்த ஐஸ்

ஆன்சலா என்ன வேலை செய்கிறாள் என்று முல்லைத்தீவுக் கடற்கரையில் ஒருவருக்கும் சரியாகத் தெரியாது. பெற்ற தாய் றஞ்சனியே, "கொம்பியூட்டருக்குத் தமிழ் படிப்பிக்கிறாள்" என்றுதான் சொல்லி வைப்பார். அது அவ்வளவு பிழையுமில்லை. வெளியூர்க் கொம்பனிகள் செய்யும் செயலிகளில் திகதி, இலக்கம், கிழமை எல்லாம் எங்கள் சனத்துக்குப் பழகிய விதத்தில் வருகின்றனவா என்று பார்த்துத் திருத்துவாள். வீட்டிலேயே கதிரையைப் போட்டு, கடல்காற்றில் இருந்து செய்கிற வேலை. அதை விட்டுக் கொழும்புக்குப் போக அவளுக்கு மனமேயில்லை.

கடைசியாக வந்தது ஐஸ் கேட்கும் செயலி. கலண்டரில் வேண்டிய நாளைத் தொட்டால் அன்று ஐஸ் வியாபாரி ஜவ்பரின் லொறி வரும். மீன் விற்கும் பெண்களின் சங்கத்துக்கு றஞ்சனிதான் தலைவி. சங்கம் அதைப் பாவிக்காவிட்டால் ஆன்சலா கொழும்பு அலுவலகத்துக்கு வரவேண்டும் என்று கொம்பனி கண்டிப்பாகச் சொல்லிவிட்டது.

முதல் சனிக்கிழமை வள்ளங்கள் நிறைய மீனோடு வந்தன. ஐஸ் வரவில்லை. பாதி மீன் கருவாட்டுக்குப் போனது. மறுநாள் தேவாலயத்தில் பூசை முடிந்து சனம் வெளியே வர, கோயிலடியில் ஜவ்பர் லொறியோடு நின்றார். ஞாயிற்றுக்கிழமை எங்கள் கரையில் ஒரு வள்ளமும் கடலில் இறங்காது.

"ஜவ்பர் தம்பி, ஆர் உங்களை இண்டைக்கு வரச் சொன்னது?" என்றார் றஞ்சனி.

"நீங்கள்தான் அக்கா. இஞ்ச பாருங்கோ" என்று ஜவ்பர் தன் போனை நீட்டினார்.

வீட்டுக் கலண்டரில் ஞாயிறு சிவப்பாக இடப்பக்கம் முதலில் நிற்கும், கடைசியில் சனி. கிழமையின் பெயரை யார் வாசிக்கிறார்கள்? இடம் பார்த்துத்தான் கை போகும். செயலியிலோ வாரம் திங்களில் தொடங்கி, கடைசிக் கட்டத்தில் ஞாயிறு உட்கார்ந்திருந்தது. சனி என்று நினைத்து றஞ்சனி தொட்டது அதைத்தான்.

"நீயும் உன்ர கொம்பியூட்டரும். இனி நான் போனில கதைச்சே எடுக்கிறன்" என்று மகளிடம் சொல்லிவிட்டு றஞ்சனி நடந்தார்.

ஆனைக்கும் அடி சறுக்கும். எந்த நாட்டில் வாரம் எந்த நாளில் தொடங்கும் என்று மென்பொருள்காரருக்கு ஒரு பொதுப் பட்டியல் உண்டு. அதில் இலங்கைக்குத் திங்கள் என்றிருந்ததை ஆன்சலா அப்படியே விட்டிருந்தாள். கொம்பனியில் அவளுக்கு மேலே இருந்த சதீஸும் பட்டியல்தான் சரி என்று நின்றார்.

"பட்டியல் சரிதான் அண்ணா. ஆனால் பட்டியல் ஐஸ் வாங்கிறேல்லை" என்றாள் ஆன்சலா. பிறகு அயல்வீட்டுச் சுவர்க் கலண்டர்களையெல்லாம் படமெடுத்து அனுப்பினாள். சதீஸ் இறங்கி வந்தார். ஞாயிறு முன்னுக்கு வந்தது.

"ஒருக்கால் மட்டும் தொட்டுப் பாருங்கோ அம்மா" என்று கெஞ்சித்தான் போனைத் தாயின் கையில் கொடுத்தாள். றஞ்சனி கண்ணாடியும் போடாமல், வேண்டாவெறுப்பாகக் கடைசிக் கட்டத்தைத் தொட்டார். அந்தச் சனிக்கிழமை ஐஸும் வள்ளங்களும் ஒன்றாக வந்தன.

"அம்மா, கலண்டரில என்ன மாத்தினனான் எண்டு தெரிஞ்சுதோ?"

"என்னத்தை மாத்தினனீ? எல்லாம் வழமைபோலத்தானே கிடக்கு."

ஆன்சலாவுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. அந்தத் தொழிலில் இதைவிடப் பெரிய பாராட்டு இல்லை.

"என்னடி நிண்டு பாக்கிறாய்? சங்கத்து ஆக்கள் எல்லாருக்கும் இதைப் போட்டுக் குடு. அதுகளும் பாவிக்கட்டும்" என்றார் றஞ்சனி.