பன்னிரண்டு ஒன்றுக்கு ஒரு பிள்ளையார் சுழி

தாணுலிங்கம் தம் ஐம்பத்திரண்டு வயதுவரை ராகு காலத்தில் எந்தக் காரியத்தையும் தொடங்கியதில்லை. விலக்கு ஒன்றே ஒன்றுதான்: அவர் பிறந்தது ஒரு வெள்ளிக்கிழமை பதினொன்றே காலுக்கு. அந்தப் பிழை அவர் கையில் இல்லாத காரணத்தால் அதை நாம் கணக்கில் சேர்க்க வேண்டியதில்லை.

கரமனையில் வீடு. கிள்ளிப்பாலத்தில் ஒரு பேக்கரிக்கு மேலே இருக்கும் டிசைன் கம்பெனியில் இருபது வருட வேலை. அறிவிப்புப் பலகை, வழிகாட்டி வரைபடம், கைபேசியில் தெரிகிற மேப் எல்லாம் அங்கே தயாராகும். முதலாளி ஹரிகுமார் முதல் கீழே பப்ஸ் விற்கிறவர் வரை அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவார்கள்.

அண்ணாச்சியின் கணினியில் கோப்புகளுக்கு ஒரு வம்சாவளி உண்டு. ‘மண்டபம் கடைசி’ என்று ஒன்று பிறக்கும். அதற்கு ‘மண்டபம் கடைசி இதுதான்’ பிறக்கும். பேரனின் பெயர் ‘இனிமேல் தொடாதே’. அதையும் நாலு பேர் தொட்டிருப்பார்கள். எது உண்மையில் கடைசி என்பது அவருக்கு மட்டுமே தெரிந்த ரகசியம். சில நாள் அவருக்கும் தெரியாது.

இந்தச் சீரான நிர்வாகத்தைக் குலைக்க வந்தவள் ஷாலு. பாறசாலையிலிருந்து பஸ்ஸில் வருகிற, ஞாயிறு தவறாமல் சபைக்குப் போகிற பெண். சேர்ந்த இரண்டாம் மாதமே வெர்ஷன் கண்ட்ரோல் என்று ஒன்றைக் கொண்டுவந்தாள். எல்லாரும் வேலை செய்வது ஒரே மெயின் ஃபைலில். யார், எத்தனை மணிக்கு, எதை மாற்றினார் என்பதை அது எழுதி வைத்துக்கொள்ளும். வேண்டுமானால் பழைய நிலைக்குத் திரும்பலாம். ஒவ்வொரு மாற்றத்துக்கும் வாடிக்கையாளர் உட்பட அத்தனை பேருக்கும் மின்னஞ்சல் போகும். மாற்றியவர் அதன் கீழே ‘என்ன மாற்றினீர்கள், ஏன்?’ என்ற பெட்டியில் இரண்டு வரி எழுத வேண்டும்.

அண்ணாச்சி முதல் வாரத்திலேயே தம் கடவுச்சொல்லை மூன்று முறை தவறாக அடிக்க, சிஸ்டம் அவரை வெளியே நிறுத்திப் பூட்டிவிட்டது. “இப்பத்துக்கு என் லாகின்ல இருங்க அண்ணாச்சி, நாளைக்கு மாத்தித் தாரேன்” என்றாள் ஷாலு. அந்த நாளை வராமலே எட்டு மாதம் ஓடியது. பெட்டியில் அவர் எப்போதும் ஒரே எழுத்தைத்தான் இட்டார்: உ. பிள்ளையார் சுழியைவிடச் சுருக்கமாகவும் முழுமையாகவும் ஒரு விளக்கம் இருக்க முடியாது என்பது அவர் எண்ணம்.

விழிஞ்ஞம் ரோட்டில் ஒரு கல்யாண மண்டபத்துக்குத் தீ விபத்து வழிகாட்டிப் பலகைகள் செய்யும் வேலை வந்தது. மண்டபக்காரர் சமையல்கட்டின் பின்வாசலைச் சுவர் வைத்து அடைத்துவிட்டு, பக்கவாட்டில் புது வாசல் திறந்திருந்தார். வெள்ளிக்கிழமை பத்து நாற்பதுக்கு ஷாலு மெயின் ஃபைலில் அம்புக்குறியைப் புது வாசலுக்குத் திருப்பி, ஏன் என்றும் எழுதி வைத்தாள்.

அண்ணாச்சியின் பங்கு மலையாள எழுத்தைக் கொஞ்சம் பெரிதாக்குவது மட்டும். புதன்கிழமையே மெயின் ஃபைலைப் பென் டிரைவில் பிரதி எடுத்து, தனியாக உட்கார்ந்து செய்து முடித்திருந்தார். மேலே ஏற்ற வேண்டியதுதான் பாக்கி. மணி பார்த்தால் பத்தரை. வெள்ளிக்கிழமை, பத்தரை முதல் பன்னிரண்டு ராகு. கீழேயிருந்து வாழைப்பழப் பழம்பொரியும் சாயாவும் வரவழைத்துக் காத்திருந்து, பன்னிரண்டு ஒன்றுக்குப் பித்தானை அழுத்தினார். ‘நீங்கள் எடுத்துப்போன பிறகு இதில் வேறு மாற்றம் நடந்திருக்கிறது. ஒப்பிட்டுப் பார்க்கிறீர்களா, உங்களுடையதையே வைக்கவா?’ என்று கணினி மிகப் பணிவாகக் கேட்டது. இருபது வருட அனுபவசாலியிடம் கேட்கிற கேள்வியா அது? என்னுடையதையே வை என்றார். பெட்டியில் உ போட்டார்.

சனிக்கிழமை பலகைகள் அச்சாயின. திங்களன்று சுவரேறின. செவ்வாயன்று மண்டபத்தில் தீ ஒத்திகை. விசில் ஊதியதும் எழுபது பேர் அம்புக்குறியை நம்பி ஓடிப் புத்தம்புதுச் சுவரின் முன்னால் போய் நின்றார்கள். பின்னால் வந்தவர்களுக்கு அது தெரியாது. அவர்கள் ஒத்திகையை உண்மையாகவே எடுத்துக்கொண்டு தள்ளினார்கள். பாத்திரம் கழுவுகிற பிரேமாவுக்கு மணிக்கட்டு முறிந்தது.

மண்டபக்காரர் தமக்கு வந்த மின்னஞ்சலைத் தேடி எடுத்துக் காட்டினார். அதில் ஷாலு என்று இருந்தது. புதன்கிழமை காலை ஷாலுவின் மேஜையில் மெமோ வைக்கப்பட்டது: வெள்ளி பன்னிரண்டு மணிக்குள் விளக்கம் தர வேண்டும், இல்லையென்றால் அவளாகவே விலகிக்கொள்ளலாம். மாதக் கடைசியில் அவளுக்கு வேலை நிரந்தரமாக வேண்டியிருந்தது.

உண்மையைச் சொல்லிவிடுவது என்று அண்ணாச்சி அன்றே உறுதி பூண்டார். ஆனால் ஹரிகுமார் அறையில் தனியாகக் கிடைத்தது பன்னிரண்டரைக்கு. புதன்கிழமை அது ராகு. வியாழனன்று முதலாளி வந்ததே இரண்டு மணிக்கு, அதுவும் ராகு. நாளுக்கு ஒன்றரை மணி நேரம்தான் ராகுவுக்குச் சொந்தம். மீதி இருபத்திரண்டரை மணி நேரம் அண்ணாச்சியின் பயத்துக்குச் சொந்தமாக இருந்தது. ஐம்பத்திரண்டு வயது டிசைனரை இந்த ஊரில் யார் சேர்ப்பார்கள்? வீட்டில் சோறு இறங்கவில்லை. கண்ணை மூடினால் அம்புக்குறி. அது காட்டுகிற இடத்தில் சுவர்.

வியாழன் சாயங்காலம் கீழே சாயா குடிக்கும்போது ஷாலு பக்கத்தில் வந்து நின்றாள்.

“பத்து நாப்பதுக்கு நான் அம்பத் திருப்பிப் போட்டேன் அண்ணாச்சி. பின்ன ஆராக்கும் பழசக் கொண்டுவந்து மேல போட்டது?”

“சிஸ்டம் தானா செஞ்சிருக்கும் மோளே.”

“சிஸ்டத்துக்குப் பிள்ளையார் பக்தி எப்பம் வந்து?”

அண்ணாச்சி கிளாஸுக்குள் பார்த்தார். சாயா பாதிதான் இருந்தது; அதற்குள் ஒளிந்துகொள்ள முடியாது.

“நான் போய்ச் சொல்லமாட்டேன், கேட்டியளா” என்றாள். “லாகின் தந்தது நானாக்கும். அந்தத் தப்ப மட்டும் எழுதிக் குடுத்துட்டுப் போறேன். நீங்க சொல்லுவியன்னு ரெண்டு நாளா பாத்தேன். சாரமில்ல.”

பரவாயில்லை என்று பொருள்படும் அந்தச் சாரமில்லைதான் அவரை ராத்திரி முழுக்கத் தின்றது.

வெள்ளிக்கிழமை பதினொன்று பத்துக்கு அவள் தன் கோப்பையைத் துடைத்துப் பைக்குள் வைத்தாள். பிறகு சார்ஜர், பிறகு குடை. அண்ணாச்சி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பன்னிரண்டு ஒன்றுக்கு இன்னும் ஐம்பத்தொரு நிமிடம். அதற்குள் அவள் தம்பானூரில் பஸ் ஏறியிருப்பாள். எழுந்தார். ஹரிகுமாரின் அறைக் கதவைத் தள்ளினார்.

ஹரிகுமார் நிமிர்ந்து பார்த்தார். “அண்ணாச்சி, மணி என்னன்னு தெரியுமா?”

“தெரியும்.”

“ராகு காலமாக்கும்.”

“தெரியும்னு சொன்னேன்லா” என்ற அண்ணாச்சி, உட்காராமல் நின்றபடியே பென் டிரைவ், பழம்பொரி, அழுத்திய பித்தான் எல்லாவற்றையும் ஒப்பித்தார்.

ஹரிகுமார் ஆச்சரியப்படவில்லை. “எனக்குச் செவ்வாக்கிழமையே மனசிலாச்சு. வெள்ளிக்கிழமை பன்னெண்டு ஒண்ணு, அடியில ஒரு உ. அந்தப் பிள்ளை சபைக்குப் போறவ. இதக் கண்டுபிடிக்க சிபிஐ வரணுமா?”

“பின்ன மெமோ அவளுக்கு ஏன்?”

“மண்டபக்காரனுக்கு ஒரு பேரு வேணும். உம்ம பேரச் சொன்னா, இருவது வருசக்காரனே இந்த லெட்சணம்னா கம்பெனி என்ன லெட்சணம்னு கேப்பான். அவ புதுசு. புதுசு தப்பு செய்யும்னு சொன்னா ஆரும் நம்புவான். நீரு போய்ப் பேசாம இரியும். பன்னெண்டுக்கு அவ லெட்டர் தந்தா காரியம் கழிஞ்சு.”

இருபது வருட விசுவாசத்துக்குக் கிடைத்த மிகப் பெரிய மரியாதை இது என்பது அண்ணாச்சிக்குப் புரிந்தது. அறைக்குப் புதிதாக ஒரு சுவர் முளைத்து, எல்லா அம்புகளும் அதையே காட்டுவது போல இருந்தது.

வெளியே வந்து ஷாலுவிடம் போனார். “என் பாஸ்வேர்ட மாத்தித் தா மோளே.”

“இப்பமா?”

“இப்பம்தான்.”

அவள் பையைத் தோளிலிருந்து இறக்காமலே குனிந்து, எட்டு மாதத்து வேலையை இரண்டு நிமிடத்தில் முடித்தாள். திரையின் மூலையில் முதல் முறையாகத் தாணுலிங்கம் என்ற பெயர் வந்தது. மாற்றங்களின் வரிசையில் போன வெள்ளிக்கிழமைப் பத்து நாற்பதைத் தேடிப்பிடித்து, ‘இந்த நிலைக்குத் திருப்பு’ என்பதை அழுத்தினார். பெட்டி திறந்தது. என்ன மாற்றினீர்கள், ஏன்?

கை பழக்கத்தில் உ போட்டது. அதற்குக் கீழே அவர் ஒற்றை விரலால் அடிக்கத் தொடங்கினார்.

‘பின்வாசல் அடைத்தாயிற்று. ஷாலு அம்பைச் சரியாகத்தான் மாற்றியிருந்தாள். ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லியும் பார்க்காமல், அவளுடைய லாகினில் இருந்துகொண்டு பழைய கோப்பை மேலே போட்டவன் நான். பிரேமாவின் கை முறிந்தது இதனால்தான். தாணுலிங்கம்.’

அனுப்பு என்பதன் மேல் விரல் கொஞ்ச நேரம் நின்றது. அழுத்தினார். பதினொன்று இருபத்தாறு என்று எழுதிக்கொண்டது சிஸ்டம். மூலைக்கு மூலை கைபேசிகள் கிணுங்கின. மண்டபக்காரருடையதும் எங்கோ கிணுங்கியிருக்கும்.

கொஞ்ச நேரத்தில் உள்ளே ஹரிகுமாரின் போன் அடிக்கத் தொடங்கியது. அடித்துக்கொண்டே இருந்தது. அண்ணாச்சி இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு கதவைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். ஷாலு பையைத் தரையில் வைத்தாள். கோப்பையை இன்னும் வெளியே எடுக்கவில்லை.