ஜெனரலை இழுத்த கயிறு

திருநகரில் நான் நடத்தும் கார் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில், போக்குவரத்துக் குறிகள் அச்சடித்த அட்டைக்குப் பக்கத்தில் ஒரு கயிறு தொங்குகிறது. கட்டைவிரல் கனம், பன்னிரண்டு முழ நீளம். சுற்றியிருக்கும் வெள்ளைத் துணி பழுப்பேறிவிட்டது. புதிதாகச் சேர வருகிறவர்கள் முதலில் அதைத்தான் பார்க்கிறார்கள். பயிற்சிக் கார் நடுவழியில் நின்றுபோனால் கட்டி இழுக்க வைத்திருக்கிறேன் என்று எண்ணி, வேறு பள்ளிக்குப் போய்விடலாமா என்று சிலர் யோசிப்பது முகத்திலேயே தெரியும். வண்டியை இழுத்த கயிறுதான் அது, பொய் சொல்வானேன். ஆனால் இழுத்தவர்கள் யார் யார் என்று நான் சொன்னால் ஒருவரும் நம்புவதில்லை.

ராணுவத்தில் நான் ஓட்டுநர். கடைசி நான்கு வருடம், வடக்கே ஒரு முகாமில் ஒரு லெப்டினன்ட் ஜெனரலுக்குக் கார் ஓட்டினேன். அதிகாரிகள் எல்லோரையும் சாப் என்றுதான் கூப்பிடுவோம். ஆனால் சாப் என்றால் எனக்கு இன்றைக்கும் அவர் ஒருவர்தான். மலைநாட்டுக்காரர், ஒடிசலான உடம்பு, இடது முழங்காலில் பழைய காயம். கதவைப் பிடித்து, காலை ஒரு கையால் தூக்கி உள்ளே வைத்து, உட்கார்ந்து, மூச்சு விட அவருக்கு அரை நிமிடம் ஆகும். அதுவரை வண்டி இம்மியும் அசையக் கூடாதென்று ஹேண்ட் பிரேக்கைப் போட்டு அதன்மேல் கையையும் வைத்திருப்பேன். எல்லாம் சரியானதும் “போலாம்” என்பார். நான்கு வருடத்தில் என்னிடம் அவர் கற்றுக்கொண்ட ஒரே தமிழ்ச் சொல் அதுதான். அந்தச் சொல் காதில் விழுந்தால்தான் என் இடது கை பிரேக்கை விடும். மூளையைக் கேட்காமல் கையே செய்யும் காரியமாக அது ஆகிப்போயிருந்தது.

அந்தப் பகுதியின் படைகள் அத்தனைக்கும் மேலே ஒரு கமாண்டர் இருந்தார். அவர் ஓய்வு பெறும் நாள் நெருங்கியது. பதவி மூப்பில் அடுத்தவர் எங்கள் சாப். அரசாங்கம் அறிவிப்பதற்கு முன்பே, சமையல்காரர், தோட்டக்காரர், நான் என்று மூன்று பேரும் கூடி அவரைக் கமாண்டராக்கிவிட்டோம். அந்தச் சந்தோஷத்தோடுதான் விடுமுறைக்கு எங்கள் ஊர் எழுமலைக்கு வந்தேன். வந்த இடத்தில் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

என் தங்கை கணவர் உசிலம்பட்டியில் பிளெக்ஸ் பேனர் அச்சடிக்கும் கடை வைத்திருக்கிறார். எங்கள் பக்கம் காதுகுத்துக்குப் பேனர், புது டிராக்டருக்குப் பேனர், ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பியதற்கும் பேனர். நான் சொன்ன மறுநாள் காலையில் எங்கள் தெருமுனையில் பன்னிரண்டடிப் பேனர் நின்றது. ‘இந்திய ராணுவத்தையே வழிநடத்த வரும் எங்கள் தளபதியே, வருக!’ சாப்பின் பதவியை அவர் இஷ்டத்துக்கு இன்னும் ஒரு படி ஏற்றியிருந்தார். சீருடையில் நான் ஆளுயரத்துக்கு நின்றேன். ஜெனரல் ஒரு மூலையில் தீப்பெட்டி அளவு வட்டத்துக்குள் இருந்தார்.

“மாப்ள, இன்னும் அறிவிப்பே வரலையே?” என்றேன்.

“வந்துரும் மச்சான். வந்தப்புறம் வைக்கிறதுக்கு அம்புட்டுப் பேரும் இருக்கான். மொதல்ல வச்சது நாமளா இருக்கணும்ல!”

கழற்றச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆயுசெல்லாம் அடுத்தவர் நிலத்தில் குனிந்தே வேலை பார்த்த என் அப்பா, அந்தப் பேனருக்கு முன்னால் நிமிர்ந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தார். வேண்டாம் என்று எப்படிச் சொல்வது?

மூன்றாம் நாள் மதுரைக்கு ஒரு வேலையாக வந்துவிட்டு, எழுமலை பஸ்ஸுக்காக ஆரப்பாளையத்தில் நின்றேன். டீக்கடை டிவியில் செய்தி ஓடியது. புதிய கமாண்டரின் படத்தைக் காட்டினார்கள். எங்கள் சாப் இல்லை. அவருக்கு இளையவர், முன்பு அவருக்குக் கீழேயே வேலை பார்த்தவர். நான் கிளாஸைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றிருக்கிறேன்.

“என்னண்ணே, டீ ஆறிப்போகுது. யாரும் தவறிட்டாங்களா?” என்று கேட்டார் கடைக்கார பாய்.

“இல்ல பாய். எங்க ஜெனரலுக்கு வரவேண்டிய பதவி. வரல.”

“ஆளு சொகமா இருக்காருல்ல?”

“இருக்காரு.”

“அல்ஹம்துலில்லாஹ். பெறகென்னண்ணே, டீயக் குடிங்க.”

பாய் சொன்னது நியாயம்தான், ஆனால் எனக்கு டீ இறங்கவில்லை. தனக்கு இளையவர் தலைவராக வந்துவிட்டால், மூத்தவர் கடிதம் கொடுத்துவிட்டு விலகிப் போவது உண்டு. அதை யாரும் தப்பாகவும் நினைக்க மாட்டார்கள். சாப் ஓய்வு பெற இன்னும் நான்கு மாதம் இருந்தது. முப்பத்தெட்டு வருடம் வேலை பார்த்த மனிதர், முகம் வாடி, ஒருவரிடமும் சொல்லிக்கொள்ளாமல் போய்விடுவாரோ என்பதுதான் என் பயம். விடுமுறையைப் பாதியில் விட்டு ரயில் ஏறினேன். பேனரைக் கழற்றச் சொல்லிவிட்டுத்தான் ஏறினேன்.

நான் போய்ச் சேர்ந்த மறுநாள் காலை, சாப்பும் அவர் மனைவியும் காரில் பின்னால் உட்கார்ந்திருந்தார்கள். இருவருக்கும் நடுவில் ஒரு நீளமான உறை. ஓட்டுநருக்குக் காது கிடையாது என்று பெரிய மனிதர்கள் நம்புகிறார்கள். அதனால் எல்லாம் கேட்டது. “எப்போது கொடுக்கப் போகிறீர்கள்?” என்று அவர் மனைவி இந்தியில் கேட்டார். அவரை நான் அம்மா என்றுதான் கூப்பிடுவேன். சாப் அந்த உறையை எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தார். பிறகு, “எனக்குக் கீழே இரண்டு வருடம் இருந்தார். ஒரு நாள்கூட முகம் சுளித்ததில்லை. அவருக்குக் கீழே நான்கு மாதம் இருக்க என்னால் முடியாதா என்று யோசிக்கிறேன். வலிக்கிறதுதான். இல்லை என்று உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன்” என்றார். கண்ணாடியில் அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

அப்போது முன்னால் குனிந்து, தன் கைபேசியை என் தோளருகே நீட்டினார். “இதற்கு என்ன சொல்கிறாய்?”

பேனர்! மாப்பிள்ளை அதை வாட்ஸப்பில் போட்டிருக்கிறார். அது எங்கள் பட்டாளத்துப் பையன்கள் குழுவுக்கு வந்து, அங்கிருந்து அலுவலகம் முழுக்கச் சுற்றி, நான் ரயிலில் வந்துசேர்வதற்கு முன்பே சாப்பிடம் வந்துவிட்டது. எனக்கு ஸ்டீயரிங் கையில் வழுக்கியது.

“இதில் யார் ஜெனரல்? நீயா, நானா?” என்று கேட்டார். நான் வாயைத் திறக்குமுன் அம்மா சிரித்துவிட்டார். அடுத்து சாப் சிரித்தார், கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். “எழுத்தை மொழிபெயர்த்துச் சொல்” என்றார். சொன்னேன். “உன் ஊரில் நான் ராணுவத்துக்கே தலைவனாகிவிட்டேன். அப்புறம் இங்கே என்ன குறை?” என்றார். அந்த உறையை எடுத்து அம்மாவின் கைப்பைக்குள் திணித்தார். அதற்குப் பிறகு நான் அதைப் பார்க்கவில்லை. “அலுவலகத்துக்கு வேண்டாம், புதுக் கமாண்டர் வீட்டுக்கு விடு. போலாம்!” என்றார்.

அந்த வீட்டு வாசலில் இறங்கிய கையோடு அவர் விறைப்பாக நின்று சல்யூட் வைத்தார். புதியவர் தலையில் தொப்பிகூட இல்லாமல் படிகளில் ஓடி இறங்கி வந்து, சல்யூட் வைத்த கையையே பிடித்துக்கொண்டார். இரண்டு பேரும் என்ன பேசினார்கள் என்று தெரியாது. காரின் மூக்கில் இருந்த நட்சத்திரப் பலகையைத் துடைப்பதுபோல் குனிந்து நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

நான்கு மாதமும் சாப் முழுசாக வேலை பார்த்தார். விடைபெறும் நாளும் வந்தது. ஓய்வு பெறும் தளபதியைத் திறந்த ஜீப்பில் ஏற்றி, வடம் பிடிப்பது போலக் கயிறு கட்டி, அதிகாரிகளே வாசல்வரை இழுத்துக்கொண்டு போவது எங்கள் வழக்கம். இன்ஜின் ஓடாது; ஓட்டுநர் ஸ்டீயரிங்கை மட்டும் பிடித்துக்கொள்வார். கயிற்றின் முன்முனைக்கு ஒரு பிரிகேடியரை நிறுத்தியிருந்தார்கள். புதிய கமாண்டர் நேராக வந்து, அவரைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டுத் தானே பிடித்துக்கொண்டார்.

சாப் எனக்குப் பின்னால் ஏறி நின்றார். பேண்டு முழங்கியது. எல்லோரும் இழுத்தார்கள். ஜீப் நகரவில்லை. இன்னொரு தரம் மூச்சைப் பிடித்து இழுத்தார்கள். கமாண்டர் முகம் சிவந்துவிட்டது. தோளில் நட்சத்திரம் வைத்த அத்தனை பேரும் சேர்ந்து இழுத்தும் ஜீப் ஆணி அடித்ததுபோல் நின்றது. வாத்தியக்காரர்கள் தடுமாறி ஒவ்வொருவராக நிறுத்தினார்கள். அந்த அமைதியில் சாப் குனிந்து என் இடது கையைப் பார்த்தார். நானும் பார்த்தேன். ஹேண்ட் பிரேக்கைக் கெட்டியாகப் பிடித்தபடி அது காத்திருந்தது. வழக்கமான சொல் வரவில்லையே, எப்படி விடும்?

“ஓ, நான் சொல்லவில்லை, இல்லையா?” என்றார். பிறகு மைதானம் முழுக்கக் கேட்கும்படி, “போலாம்!” என்றார். கை விட்டது. ஜீப் துள்ளிப் பாய, இழுத்தவர்கள் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து, சிரிப்பும் கும்மாளமுமாக வாசல்வரை ஓடினார்கள். அழுதுகொண்டே அனுப்ப வேண்டிய ஒருவரைச் சிரித்துக்கொண்டே அனுப்பினோம். மறுநாள் சாப் அந்தக் கயிற்றைச் சுருட்டி என்னிடம் கொடுத்தார்.

போன மாதம் அவரும் அம்மாவும் மதுரைக்கு வந்திருந்தார்கள். கோயிலைப் பார்த்துவிட்டு, அடுத்து எனக்குப் பேனரைக் காட்டு என்றார். எழுமலையில் எங்கள் வீட்டு ஆட்டுக்கொட்டகைக்கு அதுதான் கூரை. ஆடுகளுக்கு நடுவே அண்ணாந்து நின்று, தீப்பெட்டி அளவு தன்னைத் தேடிக் கண்டுபிடித்தார். “கிட்டே வந்து பார்த்தால் நீ இன்னும் பெரிதாக இருக்கிறாய்” என்றார்.

திருநகரிலிருந்து அவர்கள் கிளம்பும்போது நான் சுவரிலிருந்து கயிற்றை இறக்கினேன். என் பயிற்சிக் காரில் கட்டினோம். மாணவர்கள், அக்கம்பக்கத்துக் கடைக்காரர்கள், மாப்பிள்ளை என்று இருபது பேர் கூடிவிட்டார்கள். அம்மா பின்னால் ஏறிக்கொண்டார். சாப்புக்கும் பின்கதவைத் திறந்துவிட்டேன். அவர் தலையை அசைத்துவிட்டு ஓட்டுநர் இருக்கைக்குப் போனார். காலைத் தூக்கி உள்ளே வைக்க இப்போது ஒரு நிமிடம் ஆகிறது. நான் கயிற்றின் முன்முனையைப் பிடித்துக்கொண்டேன்.

இழுத்தோம். கார் அசையவில்லை.

“மச்சான், எம்புட்டு இழுத்தும் வர மாட்டேங்குது. முடிச்சு மாறிப் போச்சா?” என்றார் மாப்பிள்ளை.

திரும்பிப் பார்த்தேன். சாப் ஒன்றும் தெரியாதவர்போல் நேரே சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வலது கை ஸ்டீயரிங்கில் இருந்தது. இடது கை கீழே இருந்தது. புரிந்தவுடன் எனக்குச் சிரிப்பு வந்தது. நடுத்தெருவில் விறைப்பாக நின்று, அவர் அன்றைக்குச் சொன்னதைவிடச் சத்தமாகச் சொன்னேன்:

“போலாம், சாப்!”